போரில் உறுப்பிழந்தவனுக்குக் காலனி என்ன கொடுத்தது? அமெரிக்கக் காலனிகளின் பென்ஷன் சட்டங்களைப் படித்து ஆராயும் முறை

அமெரிக்காவில் போர்வீரர் பென்ஷனுக்கான முதல் சட்டம் எது என்று கேட்டால், பிளிமத் காலனி (இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு பகுதி), 1636 என்று பலரும் உடனே சொல்வார்கள். ஆனால் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1624 மார்ச்சில், வர்ஜீனியா சட்டமன்றம் ஒரு பிரிவை நிறைவேற்றியிருக்கிறது. போர்ப் பணியில் காயம்பட்டவருக்குப் பொதுச் செலவில் சிகிச்சை தர வேண்டும், முடமானவரைக் காலனியே வைத்துப் பராமரிக்க வேண்டும் என்கிறது அது. பலர் கண்ணில் அது படாமல் போனதற்குக் காரணம் எளிது. அதில் 'பென்ஷன்' என்ற சொல்லே கிடையாது. ஜூலை மாதம் அங்கிருந்த பழங்குடிகளான பொவ்ஹாட்டன் மக்கள் மீது படையெடுக்க வேண்டும் என்று உத்தரவிடும் பிரிவின் வால்பகுதியாக அது வருகிறது.

அக்காலப் பென்ஷன் சட்டம் எதைத் தேடினாலும் இதே நிலைமைதான். அதனால் தேடும் முறையிலிருந்தே தொடங்குவோம்.

தேடுவது

'பென்ஷன்' என்ற சொல்லை வைத்து மட்டும் தேடினால் பாதிக்கு மேல் தவறிவிடும். மெய்ம்ட் (முடமான), ஹர்ட் (காயம்பட்ட), லேம்ட் (நடக்க இயலாமல் போன), க்யூர்ட் (குணமாக்கப்பட்ட), மெயின்டெய்ன்ட் (பராமரிக்கப்பட்ட), ரிலீஃப் (உதவி) ஆகிய சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் எழுத்துக்கூட்டல் நிலைபெறவில்லை. 'மெய்ம்ட்' என்ற சொல்லில் 'ஐ' வரும் இடத்தில் 'வை' இருக்கும். 'லேம்ட்' சொல்லின் இறுதியில் ஓர் 'இ' கூடலாம், குறையலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று நான்கு வடிவங்களையாவது முயல வேண்டும். ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால், பழைய அச்சில் 'எஃப்' போலவே தெரியும் நீள 'எஸ்' எழுத்தைக் கணினி 'எஃப்' என்று படித்திருக்கும். அந்தப் பிழையையும் ஒரு வடிவமாக வைத்துக்கொண்டு தேடுங்கள்.

தலைப்புகளைப் பார்ப்பதானால் மிலிஷியா (உள்ளூர்க் குடிமக்கள் படை), போர், கட்டாய ஆள்சேர்ப்பு, வரி விதிப்பு என்ற தலைப்புகளின் கீழே பாருங்கள். பிளிமத்தின் 1636 சட்டம்கூட ஆள்பிடிக்கும் சட்டம்தான். தன்னார்வலர் போதவில்லை என்றால் கவர்னரும் உதவியாளர்களும் அரசர் பெயரால் ஆட்களைக் கட்டாயமாகச் சேர்க்கலாம் என்று அது தொடங்குகிறது. அப்படிப் போனவர் முடமாகியோ காயம்பட்டோ திரும்பினால் வாழ்நாள் முழுதும் காலனி அவரைப் பராமரிக்கும் என்ற வாக்கு அதற்கு நிபந்தனையாக ஒட்டிக்கொண்டு வருகிறது. கட்டாயமும் வாக்குறுதியும் ஒரே வாக்கியத்தில் இருப்பது தற்செயல் இல்லை. வீட்டில் உழைக்கும் ஒரே ஆணைப் படைக்கு இழுத்துப்போகும் அரசு, அவன் கை போனால் குடும்பத்தின் கதி என்ன என்ற கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வர்ஜீனியாவுக்கு ஹெனிங் பதிப்பித்த பதின்மூன்று தொகுதிச் சட்டத் திரட்டு போதும். 1619 முதல் 1792 வரை அதில் இருக்கிறது. 1624 பிரிவு முதல் தொகுதியில், 32ஆம் எண்ணில். பிளிமத்துக்கு, அச்சிட்ட காலனிப் பதிவேடுகளில் பதினோராம் தொகுதி சட்டங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒரு எச்சரிக்கை: பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான தொகுப்புகள் சட்டங்களை முழுமையாகத் தரும், தனிநபர் மனுக்களைச் சுருக்கிவிடும் அல்லது விட்டேவிடும். அச்சில் ஒருவர் பெயர் இல்லை என்பதாலேயே அவருக்கு உதவி கிடைக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

வாசகத்தைத் தமிழில் புரிந்துகொள்வது

இங்கேதான் அதிகத் தவறுகள் நேர்கின்றன. பழகிய ஆங்கிலச் சொல்தானே என்று கடந்துபோனால் சட்டத்தின் பொருளே மாறிவிடும்.

பிளிமத் சட்டத்தில் வீரரைப் பராமரிக்கும் விதத்தைச் சொல்லும் சொல் 'காம்பிடன்ட்லி'. இன்றைய பொருளில் 'திறமையாக' என்று மொழிபெயர்த்தால் வாக்கியம் பொருளற்றுப் போகும். அன்று அதன் பொருள் 'போதுமான அளவில்', அதாவது அவர் நிலைக்குத் தக்க வாழ்க்கை நடத்தும் அளவுக்கு. எவ்வளவு என்ற தொகை அதில் இல்லை. எது போதும் என்று முடிவு செய்யும் உரிமையைக் காலனி தன்னிடமே வைத்துக்கொண்டது.

வர்ஜீனியாவின் 1624 பிரிவு, முடமானவரை 'அவருடைய பெர்சன், குவாலிட்டிக்கு ஏற்ப' பராமரிக்கச் சொல்கிறது. இந்த 'குவாலிட்டி' குணமோ தரமோ இல்லை, சமூக அந்தஸ்து. ஒரே சண்டையில் ஒரே காலை இழந்த கனவானுக்கும் கூலியாளுக்கும் ஒரே அளவு உதவி கிடைக்காது என்பதை அந்தச் சொல் சட்டமாகவே ஆக்கிவிடுகிறது. அதே பிரிவில் வரும் 'கன்ட்ரி' இங்கிலாந்து இல்லை, வர்ஜீனியா காலனி. 'சார்ஜ்' என்றால் குற்றச்சாட்டு இல்லை, செலவு. 'பிரஸ்' என்றால் கட்டாய ஆள்சேர்ப்பு. 'இம்பொடன்ட்' என்பது உழைக்க இயலாதவர் என்ற பொதுப்பொருளில் மட்டுமே வரும்.

'பென்ஷன்' என்ற சொல்லையே 'ஓய்வூதியம்' என்று எழுதலாமா? கூடாது என்பதே எங்கள் கருத்து. ஓய்வூதியம் என்றதும் நீண்டகாலப் பணி, ஓய்வு வயது என்ற எண்ணம் வந்துவிடும். இந்தச் சட்டங்களில் பணிக்காலத்துக்கு இடமே இல்லை. படைக்குப் போன முதல் நாளே கை போனாலும் உரிமை உண்டு. பென்ஷன் என்றே எழுதிவிடலாம், அல்லது பராமரிப்பு உதவி என்று எழுதலாம்.

சட்டத்திடம் கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

யாருக்கு? யார் பணத்தில்? எந்தச் சான்றின்பேரில்? எப்போது நிற்கும்? எந்தச் சட்டத்தை எடுத்தாலும் ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதி, சட்டம் பதில் சொல்லாத இடத்தைக் காலியாகவே விடுங்கள். காலி இடங்கள்தான் பின்னால் மனுக்களைத் தேடும்போது வழிகாட்டும்.

அளவுகோலாக முதலில் இங்கிலாந்துச் சட்டத்தை வைத்துக்கொள்வது நல்லது. குடியேறிகள் மனதில் அதுதான் இருந்தது. 1593இல் நாடாளுமன்றம் முதல் சட்டத்தை இயற்றியது. 1601இல் அது திருத்தப்பட்டது. பணம் அரசரின் கஜானாவிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு பாரிஷும் (ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர்ப்பகுதி) வாரவரி கட்டவேண்டும். 1593இல் 1 முதல் 6 பென்னி, 1601இல் 2 முதல் 10 பென்னி. அதைக் கவுண்டிப் (மாவட்டப்) பொருளாளர் வசூலித்துக் கொடுப்பார். 1601 சட்டப்படி உச்சவரம்பு சாதாரண வீரருக்கு ஆண்டுக்கு 10 பவுண்ட், லெப்டினன்டுக்குக் கீழுள்ள அதிகாரிக்கு 15, லெப்டினன்டுக்கு 20. படைத்தலைவர் அல்லது கேப்டனின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றோடு, தன்னைப் படைக்குப் பிடித்த கவுண்டியில்தான் போய்க் கேட்கவேண்டும். பென்ஷன் வாங்குபவர் பிச்சை எடுத்துப் பிடிபட்டாலோ, போலிச் சான்று காட்டினாலோ உதவி பறிபோகும், நாடோடிக் குற்றவாளி என்ற முத்திரையும் விழும். நான்கு கேள்விகளுக்கும் இதில் பதில் இருக்கிறது. ஆனால் விதவைக்கு இடமில்லை. இறந்த வீரரின் மனைவி மக்களை இங்கிலாந்து கணக்கில் எடுத்தது 1642இல், உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு, நாடாளுமன்றத்தின் ஆணை வழியாக.

இதன் பக்கத்தில் பிளிமத்தை வையுங்கள். யாருக்கு என்பதற்குப் பதில் இருக்கிறது, யார் பணம் என்பதற்கும் இருக்கிறது: காலனி. எப்போது நிற்கும்? சாகும்போது. சான்று பற்றி ஒரு சொல்லும் இல்லை. காலனியில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்த காலம். யார் போனார், யார் எப்படித் திரும்பினார் என்பதற்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. விதவை இங்கும் இல்லை.

மேரிலாந்தின் 1678 மிலிஷியாச் சட்டத்துக்கு வந்தால் படம் மாறுகிறது. பிழைப்புக்கு வழியில்லாத அளவு காயம்பட்டவருக்கு, இயலாமையின் அளவுக்கேற்ப ஆண்டுதோறும் பென்ஷன், மாகாணத்தின் பொதுவரியிலிருந்து. வாழ்நாள் முழுதும் என்று சொல்லவில்லை. இயலாமை நீடிக்கும் காலம்வரை. கொல்லப்பட்டவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பென்ஷன் உண்டு. மனைவிக்கு அது விதவையாக இருக்கும்வரை, அதாவது மறுமணம் செய்த நாளோடு முடிந்தது. பிள்ளைகளுக்கு அவர்கள் தாமே சம்பாதிக்கும் பருவம்வரை, அல்லது தொழில் பழக ஒரு முதலாளியிடம் ஒப்படைக்கப்படும்வரை. வயது எண் எதுவும் குறிப்பிடப்படவில்லை. ஆகவே ஒரு பிள்ளையின் உதவி திடீரென நின்றிருந்தால் இறப்புப் பதிவைத் தேடும் முன் கவுண்டி நீதிமன்றத்தின் தொழிற்பயிற்சி ஒப்பந்தங்களைப் பாருங்கள். தாயின் உதவி நின்றிருந்தால் திருமணப் பதிவைப் பாருங்கள்.

ரோட் தீவின் 1718 சட்டம் இவை எல்லாவற்றிலும் விரிவானது. நிதானமாகப் படிக்க வேண்டிய ஒன்று. அதிகாரி, வீரர், கடற்படையாள் மூவரையும் சேர்த்துக்கொள்கிறது. காயத்தைக் கவனித்து ஆற்றுவது காலனியின் செலவு. பிறகு ஆண்டு பென்ஷன், அவருக்கு மட்டும் போதுமான அளவில் இல்லை, அவரை நம்பியிருந்த குடும்பத்துக்கும் சேர்த்து. கொல்லப்பட்டவர் விட்டுப்போனவர்களின் பட்டியலில் மனைவி, பிள்ளைகளோடு பெற்றோரும், அவர் காப்பாற்றிவந்த பிற உறவினரும் வருகிறார்கள். உறவு முறையை விட, அவர் சோறுபோட்டாரா என்பதே அளவுகோல். வயதான தாயை வைத்துக் காப்பாற்றிய திருமணமாகாத இளைஞன் செத்தால் அந்தத் தாய்க்கு உரிமை உண்டு. மேரிலாந்துச் சட்டம் சொன்னது மனைவியையும் பிள்ளைகளையும் மட்டும்தான். ரோட் தீவில் உரிமை பெற்ற இந்த உறவினர் இறக்கும்வரை அல்லது தாமே பிழைத்துக்கொள்ளும் நிலை வரும்வரை உதவி தொடரும். சொந்தமாகப் பிழைக்க வழியுள்ளவருக்குப் பொதுப்பணம் கிடையாது என்ற பிரிவும் அதிலேயே இருக்கிறது. அதனால் ரோட் தீவில் ஒரு மனு நிராகரிக்கப்பட்டிருந்தால் காயத்தைச் சந்தேகித்தார்கள் என்று எண்ணாமல், குடும்பத்தின் நிலப் பத்திரத்தையும் உயிலையும் முதலில் பாருங்கள்.

தேதியும் பணமும்

1752 வரை ஆங்கிலேயக் காலனிகளில் ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள நாட்களுக்கு மூலத்தில் முந்தைய ஆண்டின் எண் இருக்கும், அல்லது இரண்டு எண்களும் கோடிட்டு இருக்கும். வர்ஜீனியா பிரிவின் தேதி 5 மார்ச் 1623/4. அதை 1623 என்று எழுதுபவரும் உண்டு, 1624 என்று எழுதுபவரும் உண்டு. இரண்டும் ஒரே சட்டம். காயம்பட்ட தேதி பிப்ரவரி 1675 என்றும் மனு ஜூன் 1675 என்றும் இருந்தால், மனு காயத்துக்கு முந்தையது. நம் கணக்கில் காயம் 1676இல் வருகிறது. ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் அந்த மனு வேறொருவருடையதாக இருக்கலாம்.

பணத்தில் முதல் குழப்பம் 'பவுண்ட்' என்ற சொல். வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் வரியும் உதவியும் புகையிலையில் கணக்கிடப்பட்டன. கணக்கேட்டில் வரும் பவுண்ட் பணமா, எடையா என்று ஒவ்வொரு வரியிலும் பார்க்க வேண்டும். தமிழில் குறிப்பெடுப்பவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: எடைக்கு ராத்தல், பணத்துக்குப் பவுண்ட் என்று எழுதிவிடலாம். 1,000 ராத்தல் புகையிலையை 1,000 பவுண்ட் பணம் என்று வாசித்துவிட்டால் ஏழை விதவை பெரும் பணக்காரி ஆகிவிடுவாள்.

இரண்டாவது, எந்தப் பவுண்ட் என்பது. ஒரு ஸ்பானிய வெள்ளி டாலர் லண்டனில் 4 ஷில்லிங் 6 பென்னி. நியூ இங்கிலாந்தின் 'சட்டப்பூர்வப் பண'த்தில் 6 ஷில்லிங். பென்சில்வேனியாவில் 7 ஷில்லிங் 6 பென்னி. நியூயார்க்கில் 8 ஷில்லிங். போதாக்குறைக்குக் காகிதப் பணம். மாசசூசெட்ஸ் தன் பழைய காகிதப் பணத்தை 1750இல் மீட்டபோது 7.5 பழைய பவுண்டுக்கு 1 சட்டப்பூர்வ பவுண்ட் என்று கணக்கிட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1749இல் ஒருவருக்கு ஆண்டுக்கு 15 பவுண்ட் பழைய பணம் என்றால் அது 2 பவுண்ட் சட்டப்பூர்வப் பணம், அதாவது 40 ஷில்லிங். டாலருக்கு 6 ஷில்லிங் வீதம் ஆறேமுக்கால் டாலருக்குச் சற்றுக் குறைவு. லண்டன் மதிப்பில் 1 பவுண்ட் 10 ஷில்லிங். தாளில் 15 என்று பார்த்துவிட்டு, இங்கிலாந்தின் 1601 சட்டம் சொன்ன 10 பவுண்டைவிடத் தாராளம் என்று எழுதினால் எவ்வளவு பெரிய தவறு!

இதனால்தான் அதே மனிதர் சில ஆண்டுகள் கழித்து மறுபடி மனுப் போடுவதைப் பார்க்கிறோம். பேராசை என்று அதைப் படிக்கக் கூடாது. தொகை மாறாமல் நிற்க, பணத்தின் மதிப்பு அவர் கையிலேயே கரைந்துகொண்டிருந்தது.

மனுவைப் படிப்பது

சட்டம் இருந்ததாலேயே பணம் வந்துவிடவில்லை. நடைமுறையில் ஒவ்வொரு பென்ஷனும் ஒரு மனு. மாசசூசெட்ஸ் ஆவணக் காப்பகத்தின் பழைய தொகுப்பு 328 தொகுதிகள் கொண்டது. படை தொடர்பான தொகுதிகளில் இப்படிப்பட்ட மனுக்கள் நிறையக் கிடைக்கும். ரோட் தீவில் சட்டமன்ற மனுக்கள் 1725 முதல் தனி வரிசையாக இருக்கின்றன.

மனுவின் அமைப்பு கிட்டத்தட்ட மாறாதது. மேலே கவர்னர், ஆலோசனை மன்றம், பிரதிநிதிகள் அவை என்று விளிப்பு, பிறகு 'பணிவுடன் தெரிவிப்பது யாதெனில்' என்ற வரி, எந்தக் கேப்டனின் கீழ், எந்தப் படையெடுப்பில், காயத்தின் விவரம், யார் சிகிச்சை செய்தார், கடன் எவ்வளவு, வீட்டில் எத்தனை வாய்கள், கடைசியில் வேண்டுகோள். இவற்றில் கேப்டன் பெயரைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அதை வைத்துப் படைச் சம்பளப் பட்டியலில் தேடினால் ஆள் உண்மையாகவே அங்கே இருந்தாரா என்று தெரியும். காயத்தை விவரிக்கும் வரிகளைப் படிக்கும்போது, இழந்த உறுப்பைவிட இழந்த தொழிலுக்கு அவர்கள் அழுத்தம் கொடுப்பதைக் கவனியுங்கள். சட்டம் கேட்டது 'பிழைப்பு நடத்த முடியாமை'யை; மனு எழுதிக்கொடுத்தவர் அதை அறிந்துதான் எழுதினார்.

அடுத்து, தாளைத் திருப்புங்கள். முடிவு பெரும்பாலும் அடியிலோ பின்பக்கத்திலோ வேறு கையெழுத்துகளில் இருக்கும். மாசசூசெட்ஸில் மூன்று குறிப்புகள் வேண்டும்: பிரதிநிதிகள் அவை படித்துத் தீர்மானித்தது, ஆலோசனை மன்றம் இசைந்தது, கவர்னர் சம்மதித்தது. 1717 முதல் 1756 வரை செயலராக இருந்தவர் ஜோசாயா வில்லர்ட். அவர் கையெழுத்து இருந்தால் தேதி இல்லாத தாளுக்கும் ஒரு எல்லை கிடைத்துவிடும். மூன்றில் ஒன்று குறைந்தால் பணம் கிடைத்தது என்று எழுதாதீர்கள். மூன்றும் இருந்தாலும் பொருளாளரின் கணக்கில் பட்டுவாடா வரி கிடைக்கும்வரை 'வழங்க ஆணையிடப்பட்டது' என்றே எழுதுங்கள்.

ஆணை கேட்டதை முழுமையாகத் தந்ததா என்றும் பார்க்கவேண்டும். பென்ஷன் கேட்டவருக்கு ஒரே தடவை ஒரு தொகை கொடுத்து அனுப்புவதும், மருத்துவர் கட்டணத்தை மட்டும் தீர்ப்பதும், சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று வரம்பு வைப்பதும் வழக்கம். வரம்பு வைத்திருந்தால் அது முடியும் ஆண்டில் அடுத்த மனுவைத் தேடுங்கள். வர்ஜீனியாவில் இன்னொரு வகை உண்டு: கவுண்டி நீதிமன்றம் உடல் இயலாதவரைத் தலைவரியிலிருந்து விலக்கும். கையில் ஒரு காசும் வராது, ஆனாலும் அது உதவிதான். அது சட்டமன்றப் பதிவில் இருக்காது, கவுண்டி ஆணைப் புத்தகத்தில்தான் இருக்கும்.

நிலத்தைப் பென்ஷனோடு சேர்க்காதீர்கள்

1675 டிசம்பரில் நாரகான்செட் பழங்குடிகள் மீதான படையெடுப்புக்குப் புறப்பட்ட மாசசூசெட்ஸ் வீரர்களிடம், கோட்டையைப் பிடித்தால் சம்பளத்துக்கு மேல் நிலமும் உண்டு என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. டிசம்பர் 19 அன்று சதுப்புநிலக் கோட்டையில் சண்டை நடந்தது. நிலம் உண்மையில் பிரிக்கப்பட்டது 1730களில்: ஏழு ஊர்கள், ஊருக்கு 120 பேர், மொத்தம் 840 பங்குகள். அதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. பலருடைய பங்கை வாரிசுகள்தான் வாங்கினார்கள். பட்டியலில் ஒரு பெயர் இருந்தால் அவர் படையில் இருந்தார் என்பதற்கு அது சான்று. காயம்பட்டார், முடமானார் என்பதற்குச் சான்று ஆகாது. அந்த இடைப்பட்ட காலத்தில் கை கால் இழந்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது, அதற்கு மனுக்களிடம்தான் திரும்ப வேண்டும்.

1776க்குப் பிறகு

1776 ஆகஸ்ட் 26 அன்று, காலனிகளின் பொது அவையான காண்டினென்டல் காங்கிரஸ், எல்லாக் காலனிகளுக்கும் பொதுவான தீர்மானத்தை நிறைவேற்றியது. உறுப்பை இழந்தவருக்கு, அல்லது பிழைப்பு நடத்த முடியாதபடி ஆனவருக்கு மாதச் சம்பளத்தில் பாதி, வாழ்நாளுக்கு அல்லது இயலாமை நீடிக்கும்வரை; இயலாமை பகுதியளவில் இருந்தால் அதற்கேற்ற தொகை. வாசகத்தில் பழைய காலனிச் சட்டங்களின் சாயல் தெளிவாகத் தெரியும். ஆனால் காவல் பணிக்குத் தகுதியுள்ளவர்களை 'இன்வேலிட்' (உடல் இயலாதோர்) படைப்பிரிவில் சேர்க்கவும் அதே தீர்மானம் சொன்னது. அந்தப் பிரிவு 1777 ஜூனில் அமைந்தது. ஆகவே சம்பளப் பட்டியலில் இன்வேலிட் என்று பார்த்ததும் பென்ஷன் வாங்கியவர் என்று எழுதிவிடாதீர்கள். அவர் அப்போது துப்பாக்கியோடு காவல் நின்றுகொண்டிருக்கலாம்.

விதவைகள் விஷயத்தில் இது முன்னேற்றமே இல்லை. 1780 ஆகஸ்ட் 24 தீர்மானம் இறந்த அதிகாரிகளின் விதவைகளுக்கு, விதவை இல்லாவிட்டால் அநாதைப் பிள்ளைகளுக்கு, ஏழாண்டு பாதிச் சம்பளம் தந்தது. சாதாரண வீரரின் மனைவிக்கு அதில் எதுவும் இல்லை. ரோட் தீவு 1718இலேயே வீரரின் தாயைக்கூட நினைத்துப் பார்த்திருந்தது; நாடு முழுமைக்குமான அரசோ புரட்சிப்போர் வீரர்களின் விதவைகளுக்குப் பரவலாகக் கதவைத் திறக்க 1836 ஜூலை 4 சட்டம்வரை எடுத்துக்கொண்டது. அப்போதும் கணவர் படைப்பணியை முடிக்குமுன் திருமணம் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. போரில் விதவையான ஒருத்தி அதற்குள் எழுபது வயதை எட்டியிருப்பாள்.

இக்காலத்துக் கோப்புகளைத் தேடுபவர் மோதிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. 1800 நவம்பர் 8 அன்று போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்தது. அதற்கு முந்தைய விண்ணப்பங்கள் அதில் போயின. கோப்பு இல்லை என்றால் இரண்டு இடங்களில் பாருங்கள். ஒன்று, அந்தந்த மாநிலக் கருவூலக் கணக்கு. 1789க்கு முன் பணத்தைக் கொடுத்தது மாநிலங்களே. மத்திய அரசு அந்தப் பொறுப்பை ஏற்றது 1789 மார்ச் 4 முதல். மற்றொன்று, 1790களின் முதல் பாதியில் போர்த்துறை காங்கிரசுக்கு அனுப்பிய இயலாமை மனுக்களின் பட்டியல்கள். அவை காங்கிரசின் ஆவணங்களோடு அச்சானதால் தீயிலிருந்து தப்பின.